கைதட்டலில் மறைந்த வலை

ரசிகன் என்பது உயர்ந்த சொல். சுவைக்கத் தெரிந்தவன், நல்லதையும் அல்லதையும் பிரித்தறியத் தெரிந்தவன் என்பதே அதன் பொருள். அச்சொல்லைப் பறித்து, கைதட்டும் இயந்திரத்துக்குப் பெயராகச் சூட்டிவிட்டது சினிமா வாணிபம். ரசிகன் முன்னால் கலைஞனுக்கு ஓர் அச்சம் இருக்கும். இயந்திரத்துக்கு யார் அஞ்சுவார்?

2025 ஓகஸ்ட் 21 அன்று மதுரையை அடுத்த பாரபத்தியில் நடிகர் விஜயின் தமிழக வெற்றிக் கழகம் நடத்திய மாநாட்டுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து நானும் சென்றிருந்தேன். பெயரளவில் அது கட்சி மாநாடு. திரண்டிருந்ததோ, ரசிகர் மன்றங்களாக ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்பட்ட கூட்டம். கூட்டத்தினூடே அமைத்த நெடுமேடையில் நாயகர் நடந்து வந்தபோது ஆரவாரம் எழுந்தது. கச்சதீவை மீட்டுத்தர வேண்டுமென்று அவர் இந்தியப் பிரதமரைக் கேட்டபோதும் அதே ஆரவாரம். நடைக்கும் கோரிக்கைக்கும் ஒரே கைதட்டல்!

அருகில் நின்ற இளைஞரிடம், "தம்பி, கச்சதீவுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "சிங்கள நேவிதாங்க ஐயா" என்றார். அவ்வளவுதான். நெடுந்தீவின் தமிழ்க் கடற்றொழிலாளி அவர் அறிந்த கடலில் இல்லை. அவரை நான் குறைகூறேன். அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

கச்சதீவு ஏறத்தாழ 285 ஏக்கர் நிலம். குடிநீரில்லை, குடிகளில்லை, அந்தோனியார் ஆலயம் ஒன்றுண்டு. 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை அதனை இலங்கையின் பக்கம் வைத்தது. அது நெடுந்தீவுப் பிரிவுக்கு உட்பட்டது. அந்த நிலம் கைமாறினால் மீன் பெருகிவிடுமா? மீன் வாழும் கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்கிறது இழுவைமடி. இறால் ஏற்றுமதியின் இலாபத்துக்காக 1960களிலிருந்து தமிழகக் கரையில் பெருக்கப்பட்டவை இழுவைப் படகுகள். தம் கரையோரம் வறண்டபின் அவை எல்லை தாண்டின. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் எங்கள் மக்கள் கடலை இழந்திருந்தனர். போர் ஓய்ந்து சிறுபடகோடு திரும்பியவர்கள் கண்டது, விரித்த வலையை இரவோடிரவாக அறுத்துச் செல்லும் இழுவைமடியை. கடன்பட்டு வாங்கிய வலை ஓரிரவில் போனால், நயினாதீவிலோ எழுவைதீவிலோ ஒரு வீட்டின் அடுப்பு எத்தனை நாள் எரியாதிருக்கும்? இலங்கை 2017 இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. வலை கடலில் கிழிகிறது.

இதனால் இராமேசுவரத்துத் தொழிலாளி எமக்குப் பகைவனாகிவிடமாட்டான். சிறையில் வாடியவன் அவன். கடலில் குண்டுபட்டு இறந்தவனும் அவன். அவன் உயிருக்கு நீதி கேட்பது இரு கரையாருக்கும் கடமை. ஆனால் படகின் முதலாளி கரையில் இருக்கிறார். கூலிக்குப் போனவனே கம்பி எண்ணுகிறான். 'தீவை மீட்போம்' என்ற முழக்கம் அந்த முதலாளியைக் கேள்வியிலிருந்து தப்பவைத்து, இரண்டு ஏழைகளை மோதவிடுகிறது.

எங்கள் பக்கமும் நாடகத்துக்குக் குறைவில்லை. மாநாடு முடிந்த பதினோராம் நாள், செப்டெம்பர் 1 அன்று, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கடற்படைப் படகேறிக் கச்சதீவில் கால்பதித்தார். அங்கே முழக்கம், இங்கே சவாரி. அறுந்த வலைக்கு இவற்றால் ஒரு முழ நூலாவது கிடைத்ததா?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! சினிமாவை வெறுக்குமாறு நான் சொல்லவில்லை. நடிகரின் நடிப்பைச் சுவையுங்கள். அவரது கோரிக்கையைச் சோதியுங்கள். படம் வெளியாகும் நாளில் பதாகை கட்டும் நம் தீவகத்து இளைஞனுக்கு, அந்தக் கைதட்டலில் மறைவது அவன் தந்தையின் வலை என்பதை வகுப்பறையில் அல்லாமல் வேறெங்கே சொல்வது?

2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதத்தில் கொழும்பிலும் இரு கரைக் கடற்றொழிலாளர் நேருக்குநேர் அமர்ந்து பேசினர். இழுவைமடியில் வந்து அப்பேச்சு முறிந்தது. முறிந்த இடம் தெரிகிறது. அங்கிருந்தே தொடர வேண்டும். இழுவைமடி ஒழியட்டும், அதனால் வேலை இழக்கும் கூலியாளுக்கு மாற்றுத்தொழில் தரும் பொறுப்பை அரசும் முதலாளியும் ஏற்கட்டும். அந்தோனியார் திருவிழாவில் ஒரே முற்றத்தில் முழந்தாளிடும் மக்களுக்கு, ஒரே பாயில் அமர்ந்து பேசவும் முடியும். நாயகர் எவரும் தேவைப்படாத அந்த மாநாட்டையே நாம் கூட்டவேண்டும்.