குழியைக் குறுக்க வேண்டுமா?

நம் விடுதிப் பொழுதுபோக்கு அறையிலுள்ள பூல் மேசையைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். கிழிந்த துணியை மாற்றட்டும், வரவேற்போம். ஆனால் அதனோடு மூலைக் குழிகளையும் போட்டி அளவுக்குக் குறுக்கிவிட வேண்டுமென்று நண்பர் சிலர் கையெழுத்து வாங்கி வருகின்றனர். என் கையெழுத்து அவர்களுக்குக் கிடைக்காது.

போட்டி அளவு என்பதுதான் என்ன? உலகப் பூல் பில்லியர்ட்ஸ் சங்கம் வகுத்தபடி, பந்தின் விட்டம் 2¼ அங்குலம். மூலைக் குழியின் வாய் 4½ முதல் 4⅝ அங்குலம் வரை. நம் மேசையிலோ 5 அங்குலம். அரை அங்குலந்தானே என்று தோன்றும். பந்து போக மிஞ்சும் இடத்தையன்றோ பார்க்க வேண்டும்! நம் குழியில் மிச்சம் 2¾ அங்குலம்; 4½ அங்குலக் குழியில் 2¼. அண்மை ஆண்டுகளில் பெரிய தொழில்முறைப் போட்டிகள் சிலவற்றில் 4 அங்குலக் குழிகளே வைக்கின்றனர். அங்கே மிச்சம் 1¾ தான். வாய் ஐந்தில் ஒரு பங்கு குறைய, பிழைக்கு உரிய இடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஓரத்தை ஒட்டி வரும் பந்தின் பாடு இன்னும் மோசம். வாயின் ரப்பரில் உரசி, இருபுறமும் மோதி, உள்ளே போகாமல் நின்றுவிடும்.

தொழில்முறை ஆட்டக்காரர்க்கு இது தேவை. அகன்ற குழியில் அவர்கள் ஒரே மூச்சில் மேசையைத் துடைத்துவிடுவர். யார் வல்லவர் என்பது தெரியாமற் போகும். இங்கே ஆடுவோர் யார்? ஊரில் கேரம் பலகையன்றி வேறொன்றும் அறியாது, முதன்முதலாகக் கோல் பிடிக்கும் புதுமாணவர். இந்தி பேசவாராத நானும் முதல் பருவத்தில் பிற மாநிலத்தாரோடு பழகியது இம்மேசையருகேதான். பத்து அடியில் ஒன்றேனும் விழுந்தால்தான் புதியவன் மறுநாளும் வருவான். அதுவுமன்றி, இருப்பது ஒரே மேசை. பந்து விழாவிட்டால் ஆட்டம் நீளும். காத்திருப்போர் சுவரில் சாய்ந்தபடி சலித்துப் போவர்.

போட்டிக்குப் பயில்வோர் குறையும் நியாயமானதே. (அவர்களும் இந்த அகன்ற குழியில் பழகியவர்களே!) குழிவாயில் பொருத்தி, பின் எடுத்துவிடத்தக்க குறுக்குத் துண்டுகள் விற்கின்றன. சங்க நிதியிலிருந்து ஒரு தொகுதி வாங்கிக் கொடுப்போம். இரவு உணவுக்குப் பின் அவர்கள் பொருத்தி ஆடட்டும். மறுநாள் மாலைக்குள் கழற்றி வைத்துவிடட்டும்.