ரோட்டைத் தோண்டாமலே பாதாளச் சாக்கடைக் குழாயைப் புதுசாக்க முடியுமா?

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் நடப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். ஏதாவது ஒரு தெருவில் பள்ளம். கேபிளுக்கு ஒருமுறை, குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை, மழைநீர் வடிகாலுக்கு ஒருமுறை. மண்ணைத் தள்ளி மூடி, ஜல்லி கொட்டி, தார் போடுவதற்குள் அடுத்த வேலைக்கு ஜேசிபி வந்து நிற்கும். ஸ்கூல் வேன் தெருவுக்குள் வராது. பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாக்கள் மெயின் ரோடு வரை நடக்க வேண்டியதுதான்.

இப்படித் தெரு முழுக்கத் தோண்டாமல், மண்ணுக்கடியில் இருக்கும் கழிவுநீர்க் குழாயைப் புதுப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய குழாயை வெளியே எடுக்காமல், அதற்குள்ளேயே இன்னொரு குழாயை வார்த்துவிடுவார்கள். பொறியாளர்கள் மொழியில் இதற்கு சி.ஐ.பி.பி. என்று பெயர். இருந்த இடத்திலேயே இறுகவைத்த குழாய் என்று அர்த்தம்.

'எங்க தெருவுக்கு இன்னும் செப்டிக் டேங்க் லாரிதானே வருது, இதில் பழைய குழாய் எங்கே?' என்று கூடுவாஞ்சேரிக்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நந்திவரம்-கூடுவாஞ்சேரி பேரூராட்சி, நகராட்சியானதே 2021-ல்தான். ஆனால், கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கம் வீடுகள் பெருகும் வேகத்துக்கு, செப்டிக் டேங்கை மட்டும் நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

இதே ரயில் பாதையில் வடக்கே இருக்கும் ஆலந்தூர் ஓர் உதாரணம். அது தனி நகராட்சியாக இருந்த காலத்தில், வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களே பங்களித்துப் பாதாளச் சாக்கடை கொண்டு வந்தார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்ட திட்டம் அது. 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அன்று புதிதாகப் போட்ட அந்தக் குழாய்களுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. சென்னையின் கதை இன்னும் பழையது. 1910 வாக்கில் நகரத்துக்குக் கழிவுநீர்த் திட்டம் போட்டபோது, 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு எப்போதோ பொய்த்துவிட்டது!

குழாய் ஏன் கெட்டுப்போகிறது?

மரத்தின் வேர், இணைப்பு இடுக்கில் நூல் மாதிரி நுழைந்து உள்ளே புதராக வளரும். மேலே ஓடும் லாரிகளின் பாரத்தில் குழாய் விரிசல் விடும். கான்கிரீட் குழாய்க்கு இன்னொரு எதிரி, உள்ளேயே பிறக்கும் வாயு.

தேங்கிய கழிவுநீரில் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அதுதான். இந்த வாயு மேலே எழும்பிக் குழாயின் கூரையில் இருக்கும் ஈரத்தில் கரைய, அங்கே வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கான்கிரீட்டைத் தின்கிறது. அதனால்தான் கழிவுநீர் ஓடும் அடிப்பகுதியைவிட, தண்ணீரே படாத மேற்பகுதி முதலில் உதிர்கிறது. பிறகு மேலிருக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்கும். ரோட்டுக்கு அடியில் வெற்றிடம் உருவாகும். ஒருநாள் பஸ் சக்கரம் உள்ளே இறங்கிய பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரியும்.

வெடித்த குழாய் மழைக்காலத்தில் நிலத்தடி நீரை உள்ளே இழுக்கும், மேன்ஹோல்கள் பொங்கும். வெயில்காலத்தில் நிலத்தடி நீர் கீழே இறங்கிவிட்டால், கழிவுநீர் வெளியே கசியும். பக்கத்தில் போர்வெல் இருக்கும் வீடுகள் கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

காலுறையைத் திருப்பிப் போடுவது மாதிரி

1971-ல் லண்டனின் ஹாக்னி பகுதியில் இருந்த பழைய செங்கல் சாக்கடையில்தான் எரிக் வுட் என்ற பொறியாளர் இதை முதன்முதலில் செய்து காட்டினார். இன்று நுட்பம் வளர்ந்திருந்தாலும் அடிப்படை அதேதான்.

முதலில் ஜெட்டிங் லாரி மூலம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் குழாயைச் சுத்தம் செய்வார்கள். சக்கரம் வைத்த கேமரா உள்ளே போய், விரிசல் எங்கே, வேர் எங்கே, எந்த வீட்டு இணைப்பு எத்தனையாவது மீட்டரில் சேர்கிறது என்று பதிவு செய்யும். கழிவுநீர் வரத்தைத் தற்காலிகமாக அடைத்து, பம்ப் வைத்து அடுத்த மேன்ஹோலுக்குத் திருப்பிவிடுவார்கள். பிறகு, பிசினில் ஊறவைத்த கம்பளி போன்ற நீளமான துணிக்குழாயை மேன்ஹோல் வழியாக இறக்குவார்கள். முன்கூட்டியே இறுகிவிடாமல் இருக்க, அதைக் குளிரூட்டிய வண்டியில்தான் கொண்டுவர வேண்டும். தண்ணீர் அல்லது காற்றின் அழுத்தத்தில், காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவோமே, அப்படியே அது விரிந்துகொண்டு பழைய குழாயின் சுவரில் போய் ஒட்டும். பிறகு சுடுதண்ணீரோ நீராவியோ செலுத்தினால் பிசின் கெட்டியாகிவிடும். புற ஊதா விளக்கை உள்ளே இழுத்துச் சென்றும் இறுகவைப்பதுண்டு.

அப்போது வீட்டு இணைப்புகள் எல்லாம் மூடிப்போயிருக்குமே? கேமராவோடு போகும் சின்ன ரோபோ, ஒவ்வொன்றையும் உள்ளிருந்தே வெட்டித் திறந்துவிடும். குழாயின் உள்ளளவு சில மில்லிமீட்டர்கள் குறையும். ஆனால் உட்புறம் வழவழப்பாகிவிடுவதால், தண்ணீர் பெரும்பாலும் முன்பைவிடத் தடையில்லாமல் ஓடும். பொதுவாக 50 ஆண்டுகள் தாங்கும்படி இதை வடிவமைக்கிறார்கள். டெல்லி, மும்பையின் பெரிய கழிவுநீர்க் குழாய்கள் சிலவற்றை லைனிங் முறையில் புதுப்பித்திருக்கிறார்கள்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. முழுசாக இடிந்து விழுந்த குழாயில் துணியை நுழைக்க முடியாது. சரிவு தவறிப் பள்ளமாகிப்போன குழாய்க்கு லைனிங் போட்டாலும் பள்ளம் பள்ளம்தான். ஊர் பெருத்து, குழாயின் அளவே போதாமல் போயிருந்தால் தோண்டிப் பெரிய குழாய் போடத்தான் வேண்டும். ஆழம் குறைவான சின்னச் சந்தில் தோண்டுவதே செலவு குறைவாக இருக்கலாம். ஜி.எஸ்.டி. மாதிரி போக்குவரத்து நிற்காத சாலைக்கு அடியில், ஆழத்தில் போகும் குழாய்க்குத்தான் இந்த முறை நிஜமாகவே கைகொடுக்கும்.

அதே வாயு, அதே குழி

கான்கிரீட்டை அரிக்கும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான், அடைப்பெடுக்க இறங்கும் தொழிலாளர்களின் உயிரையும் பறிக்கிறது. குறைந்த அளவில் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும்; வாடையே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தானது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவது இதனால்தான். தமிழ்நாட்டில் இந்தச் செய்தியைப் படிக்காத வருடமே இல்லை என்பது வெட்கக்கேடு.

பாதுகாப்பு இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை 2014-ல் 10 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் குழாய் உடைந்து மண்ணும் வேரும் அடைத்துக்கொண்டே இருந்தால், 'ஒருத்தரை இறக்கிப் பாரு' என்ற பேச்சும் வந்துகொண்டேதான் இருக்கும். விரிசல் விட்ட குழாய்க்கு நேரத்தோடு லைனிங் போட்டால் வேர் நுழையாது, மண் சரியாது, அடைப்பும் குறையும். ரோடு பிழைப்பதைவிட, ஒரு மனிதர் இறங்கவேண்டிய அவசியம் குறைவதுதான் இதில் பெரிய லாபம்.

அதற்கு, எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வருடம் போட்டது என்ற வரைபடம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாத ஊரில் கேமராவை எங்கே இறக்குவது? புதிதாகக் குழாய் போடும் ஊர்கள் முதல் நாளிலிருந்தே இதை எழுதிவைக்கலாம். பள்ளம் திறந்திருக்கும்போது குறித்துக்கொள்ள பெரிதாகச் செலவாகாது.

உங்கள் உறவினர் தெருவில் இந்த லைனிங் வேலை நடந்தால் சொல்லிவையுங்கள்: வேலை நடக்கும் சில மணி நேரம் வாஷிங் மெஷின் ஓட்ட வேண்டாம். பிசின் வாடை பாத்ரூம் வழியாக வீட்டுக்குள் வரலாம். நகானி டிராப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவைத்தால் வாடை அடங்கும். ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். செப்டிக் டேங்க் வீடுகளில், லாரியோடு வந்தவர் 'உள்ளே ஆள் இறங்கினால்தான் வேலை முடியும்' என்றால், சம்மதிக்காமல் 14420 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.