நெட் பவுலர்



ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கத்து டீக்கடை பெஞ்சில் நடக்கும் விவாதங்களை, நம் இலக்கியக் கூட்டங்களில் நடப்பவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே யாரும் கட்டுரை வாசிப்பதில்லை. ஆனால் யார் உடம்புக்கு என்ன மதிப்பு என்பது வெளிப்படையாகப் பேசப்படுகிறது.

2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் நடந்தபோது விடியற்காலையிலேயே அந்தப் பெஞ்ச் நிறைந்துவிடும். ஷமிக்குக் கை எலும்பு முறிவு, உமேஷுக்குக் கெண்டைக்கால், ஜடேஜாவுக்குக் கட்டைவிரல், அஷ்வினுக்கு முதுகு, பும்ராவுக்கு அடிவயிற்றுத் தசை. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஒரு பட்டியல். "இனிமே எவன்டா பந்து போடுவான்?" என்று ஒருத்தர் கேட்க, "நம்ம சேலத்துப் பையன் போடுவான், உக்காந்து பாரு" என்றார் இன்னொருத்தர். அந்த ஆட்டத்தில் பந்து வீசிய ஐந்து முக்கியப் பந்துவீச்சாளர்களும் அதற்கு முன் ஆடியிருந்த டெஸ்டுகள் எல்லாம் சேர்த்து நான்குதான். 328 ரன் துரத்தி, ஜனவரி 19 அன்று மூன்று விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்து, தொடரையும் 2-1 என்று கைப்பற்றினார்கள். டீக்கடையில் அன்றைக்கு எல்லோருக்கும் இலவச டீ.

வெற்றிக்குப் பிறகு நடந்த பேச்சுதான் என்னை உறுத்தியது. "முழு டீம் இருந்திருந்தா நாலுக்கு சைபர்", "பும்ரா வந்துட்டா இவனுங்க எல்லாம் பழையபடி வெளிய". ஜெயித்துக் கொடுத்தவர்கள் ஜெயித்த அன்றைக்கே தற்காலிகமாகிவிட்டார்கள். வங்கியில் தினக்கூலிக்கு வந்து ஃபைல் தூக்கும் ஆட்களைப் பற்றி எங்கள் கேன்டீனில் பேசுவதும் கிட்டத்தட்ட இதே தொனியில்தான்.

நடராஜன் எந்தக் கதவு வழியாக உள்ளே போனார் என்று பாருங்கள். சின்னப்பம்பட்டியில் தறி வேலை செய்த அப்பா, சாலையோரம் கோழிக்கறிக்கடை போட்ட அம்மா. ஆஸ்திரேலியாவுக்கு அவரை அழைத்துப் போனது நெட் பவுலராக. அதாவது மட்டையாளர்கள் பயிற்சி எடுக்க வலையில் பந்து போட்டுக் கொடுக்கிற ஆளாக. வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் அடிபட்டது, டி20 அணியில் இடம் கிடைத்தது. சைனிக்கு முதுகுவலி, ஒருநாள் அணியில் சேர்த்தார்கள். உமேஷ் விழுந்தார், டெஸ்ட் அணியில் பெயர் வந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பவன் விழுந்தால்தான் வெளியே நிற்பவனுக்கு வழி. முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட் எடுத்தார், சதமடித்த லபுஷேன் உட்பட. ஏப்ரலில் அவருக்கே முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இதுவரை அவர் ஆடியது அந்த ஒரே ஒரு டெஸ்ட். உள்ளே இருந்தவர்களின் காயம் ஆற அணி காத்திருந்தது. இவருடைய காயம் ஆறியபோது அந்தக் கதவு சாத்தியிருந்தது.

(நடராஜன் என்ன சாதி என்று அன்றைக்குப் பெஞ்சிலேயே ஒருத்தர் செல்போனில் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடல் நம் வேலையில்லை. தேடுகிற விரலைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு.)

நெட் பவுலர் என்ற வேலைக்கு இந்த நாட்டில் ஒரு முன்னோர் இருக்கிறார். நம் மாணவத் தோழர்களில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்பது இந்த இதழ் வெட்கப்பட வேண்டிய விஷயம். பல்வங்கர் பாலூ. 1876இல் சமார் குடும்பத்தில் பிறந்தவர். புனேயில் முதலில் பார்சிகளின் கிளப்பில் மாதம் மூன்று ரூபாய்க்கும், பிறகு வெள்ளைக்காரர்களின் கிளப்பில் நான்கு ரூபாய்க்கும் ஆடுகளத்தைக் கூட்டி, உருளை இழுத்து, வலை கட்டியவர். வலைக்குள் மணிக்கணக்காக வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்து போட்டார். மட்டையை மட்டும் அவர் கையில் ஒருநாளும் கொடுக்கவில்லை. அப்படிப் போட்டுப் போட்டே இடதுகைச் சுழலில் அவருக்கு இணை இல்லாமல் போயிற்று. வெள்ளையரை ஜெயிக்க வேண்டுமென்றால் அவர் இல்லாமல் ஆகாது என்ற நிலை வந்தபோது புனே இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தையே தொட்டார்கள். தேநீர் வேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே தனி மண் கோப்பை. 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில் அவர் ஒருவரே எடுத்தது 114 விக்கெட். திரும்பி வந்தவருக்கு பம்பாயில் நடந்த பாராட்டில் பங்கெடுத்தவர்களில் இளைஞர் அம்பேத்கரும் ஒருவர். ஆனால் தலைமைப் பொறுப்பைக் கடைசிவரை பாலூவுக்குத் தரவேயில்லை. தம்பி வித்தல் தலைவரானதே 1923இல், சண்டை போட்ட பிறகு.

பின்னாளில் அரசியலில் பாலூ காங்கிரஸ் பக்கம் நின்று, 1937 தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்துத் தோற்றார். அதற்காக அந்த 114ஐ நாம் விட்டுக்கொடுக்க முடியாது.

இந்த வரலாறு இருக்கும்போது, 2001இல் வந்த 'லகான்' நமக்குக் காட்டியது என்ன? தீண்டப்படாதவன் ஒருவன். பெயர் கச்ரா, அதாவது குப்பை. அவனுடைய ஊனமான கையிலிருந்து பந்து தானாகச் சுழல்கிறது. போலியோ தாக்கிய கையால் சந்திரசேகர் 1971இல் ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்துத் தொடரை ஜெயித்துக் கொடுக்கவில்லையா என்று கேட்பார்கள். எடுத்தார். ஆனால் அவரை யாரும் குப்பை என்று கூப்பிடவில்லை. அவருடைய வித்தையை வித்தை என்றே சொன்னார்கள். கச்ராவுக்கு வித்தை கிடையாது, விபத்து மட்டும்தான். நாள் முழுக்க வலையில் உழைத்துக் கற்றுக்கொண்ட பாலூவை மறந்த சாதி இந்து மனம், அந்த இடத்தில் பரிதாபத்துக்குரிய ஒரு கையைக் கொண்டுவந்து ஒட்டுகிறது.

பந்து வீசுவது கூலி வேலை, தோழர்களே. ஓடிவந்து முன்காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் உடம்பின் எடையைப்போலப் பல மடங்கு பாரம் முட்டியிலும் இடுப்பிலும் இறங்குகிறது. 2025 இங்கிலாந்துத் தொடரில் பும்ராவின் முதுகைக் காப்பாற்ற மூன்று டெஸ்ட் போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். சரியான முடிவு, அதில் எனக்குக் குறை இல்லை. ஐதராபாத் ஆட்டோ ஓட்டுநரின் மகன் சிராஜ் ஐந்து டெஸ்டிலும் 1113 பந்து போட்டார். "அவன் இரும்புடா" என்றது நம் பெஞ்ச். இரும்பு என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஓய்வு கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? சாக்கடைக்குள் இறங்குகிறவனைப் பற்றியும் "அவங்களுக்குப் பழக்கம்" என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் காலனி டீமில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். வாரம் முழுக்க பெயிண்டிங் வேலை, ஞாயிற்றுக்கிழமை பந்து. அவன் வேகத்துக்காக ஊர்த் தெருக்காரர்களே பைக்கில் வந்து டோர்னமென்டுக்குக் கூட்டிப்போவார்கள். பேட்டிங்கில் அவன் எப்போதும் பதினொன்றாவது ஆள். மத்தியானம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவனுக்கு மட்டும் பொட்டலம், வேப்பமரத்தடியில். நான்கூட ஒருமுறை ஸ்கோர் எழுதப் போய் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கிறேன். ஒருநாள் பள்ளத்தில் கால் மடங்கி முட்டி திரும்பியது. புத்தூர் கட்டுப் போட்டார்கள். கூட்டிப்போனவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாரம் ஏற முடியாமல் பெயிண்டிங் வேலையும் போயிற்று. இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், போரூர் - பூந்தமல்லி.

2021இல் அந்த இலவச டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "நட்டு முட்டியப் பாத்துக்கணும்டா." யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் கிளையில் ஓர் அதிகாரி, "கிரிக்கெட்லயும் ரிசர்வேஷன் கேப்பீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தென்னாப்பிரிக்காவில் கேட்டார்கள், வைத்தார்கள். கோட்டாக்காரன் என்று கேலி செய்யப்பட்ட பவுமா 2025 ஜூனில் தொடைத்தசை பிடித்துக்கொண்ட காலோடு 66 ரன் அடித்து லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் பட்டத்தைத் தூக்கினார். ரபாடா அந்த ஆட்டத்தில் ஒன்பது விக்கெட் எடுத்தார். அதிகாரியிடம் இதைச் சொன்னேன். கவுண்டரில் கூட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் காலனி அணிகளைப் பற்றி எழுதி அனுப்புங்கள். யார் பந்து போட்டார்கள், மைதானம் யாருடையது, சாப்பாடு எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எப்போது, எதனால் நிறுத்தினார்கள். கவிதையாக வேண்டாம். அடுத்த இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.