வெள்ளைப் பாவைக்கு நீலமலைப் போர்வையா?

அவலாஞ்சி என்னும் பெயர் தமிழன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நேர்ந்த பெரும் மண்சரிவைக் கண்ட ஆங்கிலர், பனிச்சரிவுக்குத் தாம் வழங்கும் சொல்லையே அவ்விடத்திற்குச் சூட்டினர். பனிப்பாறை உருளாத மலைக்குப் பனிச்சரிவுப் பெயர்! பெயருக்கு நேர்ந்த அக்கேடு இன்று அம்மலைமக்களின் உடைக்கும் நேர்கின்றது.

அவலாஞ்சியைச் சூழ்ந்த மேட்டுப் புல்வெளிகள் தொதவர் எருமை மேய்த்த நிலங்கள். அவர்தம் பேச்சு தமிழோடு உடன்பிறந்தது. வெண்பருத்தித் துணியில் செந்நூலும் கருநூலும் கொண்டு, வரைபடம் ஏதுமின்றி, இழைகளை எண்ணியெண்ணியே தொதவப் பெண்டிர் பூவேலை செய்கின்றனர். அப் பூத்துக்குளிப் போர்வையை ஆணும் பெண்ணும் தோளில் போர்ப்பர். இறந்தார் உடலையும் அதுவே மூடும். 2013-இல் அப்பூவேலை புவிசார் குறியீடும் பெற்றது. அத்தகைய கைவினையும் இன்று கடைக்குச் சென்றால், வெளுத்த மேனியும் கூர்மூக்கும் வாய்ந்த உடைப்பாவையின் தோளில்தான் ஏறவேண்டியுள்ளது!

ஆங்கிலர் 'மேனிகின்' என்பது, 'சிற்றாள்' எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல் பிரெஞ்சின் வழியே திரிந்து வந்ததாகும். உடைப்பாவை எனத் தமிழில் வழங்கத் தடையென்ன? கொல்லிப்பாவையையும் சிறுமியர் செய்த வண்டற்பாவையையும் கழக இலக்கியம் அறியும். கயிற்றாலாடும் மரப்பாவையை வள்ளுவர் உவமையாக்கினார்.

பாவையால் கேடில்லை. எகிபதில் 1922-இல் கண்டறியப்பட்ட தூத்தன்காமன் கல்லறையிலும் கைகளற்ற மரவுடல் ஒன்று கிடைத்தது. அரசனின் உடையையோ அணியையோ பொருத்திப் பார்க்க அது பயன்பட்டிருக்கலாம் என அகழ்ந்தோர் கருதினர். அங்கே பாவை அரசனுக்குப் பணியாள். பாரிசு நகரத்தாரோ, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் தம் புத்துடைகளைப் பாவைகளுக்கு அணிவித்துப் பிற நாட்டு அரண்மனைகளுக்கு விடுத்தனர். அன்றே பாவை தூதாகிவிட்டது. 'இவ்வாறு உடுத்துக' என ஆணையிடும் தூது! பின்னர்க் கடைமுகப்பில் பெருங்கண்ணாடி வந்தது. மெழுகுப் பாவைகள் அதனுள் நின்றன. வெயிலில் அவை உருகியமையால் வேறு பொருள்கள் புகுந்தன. பொருள் மாறியும் மேனி நிறம் மாறவில்லை.

அந் நிறத்தைத்தான் தமிழ்நாட்டுக் கடைகள் விலைகொடுத்து வாங்கி நிறுத்துகின்றன. கருந்தோல் வாய்ந்த தமிழ்ச் சிறுமி நாள்தோறும் அக் கண்ணாடிமுன் நடக்கின்றாள். சேலையும் அவளது, பாவாடையும் அவளது. உடுத்து நிற்கும் உடலோ அவளுடையதன்று. அழகு தன் தோலுக்கு உரியதன்று என அவள் கற்பதற்கு வேறு பள்ளி வேண்டுமோ? வெளுப்புக் களிம்பு விற்பார்க்கு வேண்டிய உழவை இப்பாவைகள் முன்னரே முடித்துவிடுகின்றன.

ஆலையில் வருவதைத்தானே வாங்க முடியும் என்பர் கடைக்காரர். கேட்பார் கேட்டால் ஆலைக்காரர் கருஞ்சாயம் பூசமாட்டாரா? தலையற்ற பாவைகளும் இப்பொழுது விற்கின்றன. முகம் போயிற்று, கழுத்தும் கையும் இன்னும் வெள்ளையே.