தகடூர்ப் போரும் டீக்கடை வீடியோவும்

2025 மே மாதம், இந்திய-பாகிஸ்தான் மோதலின் நாள்களில், தருமபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருவர் செல்போனை நீட்டினார். விமானம் எரிந்து விழுகிறது. உற்றுப் பார்த்தால் வீடியோ கேம்! ஐந்து இந்திய விமானங்களை வீழ்த்தியதாக மே 7-ல் பாகிஸ்தான் சொன்னது. மே 31-ல் சிங்கப்பூரில் இந்திய முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் இழப்பு உண்டென்றார், எண்ணிக்கை சொல்லவில்லை. ஆகஸ்ட் 9-ல் விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங், பாகிஸ்தானின் ஆறு விமானங்களை வீழ்த்தினோம் என்றார், பாகிஸ்தான் மறுத்தது. எதிரிக்கு விழுந்த அடியைச் சொல்லும் எண்ணைவிட, தனக்கு விழுந்ததை ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தைத்தான் நான் முதலில் நம்புவேன். தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட இந்தத் தருமபுரிக்கு, இரு தரப்பும் இரு விதமாகச் சொல்வது பழைய கதை. தகடூரை வென்ற சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையைப் புலவர் அரிசில்கிழார் பாடினார். தோற்ற அதியமானை ஔவை பாடினார். அந்தப் போரையே சொன்ன 'தகடூர் யாத்திரை' நூல் சில பாடல்களாகத்தான் மிஞ்சியிருக்கிறது.