கழித்த கணக்கைக் கூட்டிப் பாருங்கள்

கேள்வி: செண்பகத்தோப்பில் எனக்கு மாந்தோப்பு இருக்கிறது. யானையும் அணிலும் தின்றது போக மிஞ்சிய காயை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினேன். எடை மேடையில் பாரத்தோடு 3,004 கிலோ. காயை இறக்கியபின் காலிப் பெட்டிகளோடு வண்டி 1,658 கிலோ. என் கணக்கில் காய் 1,456 கிலோ வருகிறது. கமிஷன் கடைச் சீட்டில் 1,346 என்று எழுதி, கிலோ 20 ரூபாய் வீதம் பணம் தந்தார்கள். 110 கிலோவுக்கு 2,200 ரூபாய் குறைகிறது. பல வருடப் பழக்கம் உள்ள கடை. புகார் கொடுக்கலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள் ஐயா. புகாருக்கு முன் ஒரு சோதனை செய்து பார்ப்போம். கழித்து வந்த விடையோடு, கழித்த எண்ணைக் கூட்டினால் முதலில் இருந்த எண் திரும்ப வர வேண்டும்.

உங்கள் விடை: 1,456 + 1,658 = 3,114. வண்டி அவ்வளவு எடை காட்டவே இல்லையே!

கடைச் சீட்டு: 1,346 + 1,658 = 3,004. சரியாக இருக்கிறது. தவறு உங்கள் நோட்டில்தான்.

எங்கே தவறியது? நடுவில் இருக்கும் இரண்டு பூஜ்யத்தில். ஒன்றாம் இடத்தில் 4-இல் 8 போகாது. கடன் வாங்க வேண்டும். பக்கத்தில் பத்தும் இல்லை, நூறும் இல்லை. ஆயிரத்தில்தான் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த ஓர் ஆயிரத்தைச் சில்லறை மாற்றினால் 9 நூறு, 9 பத்து, 10 ஒன்று. ஆக 3,004 என்பது 2 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 14 ஒன்று. இனிக் கழியுங்கள்: 14-இல் 8 போக 6, 9-இல் 5 போக 4, 9-இல் 6 போக 3, 2-இல் 1 போக 1. விடை 1,346.

நீங்கள் இரண்டு பூஜ்யத்தையும் 9 ஆக்காமல் 10 என்றே வைத்துக் கழித்திருக்கிறீர்கள். அதனால் ஒரு நூறும் ஒரு பத்தும் சும்மா வந்து சேர்ந்தன. அதுதான் அந்த 110 கிலோ.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விதை இருப்புப் பதிவேட்டில் இதே பூஜ்யத்தில் நானும் தடுக்கி விழுந்தவன்தான். இல்லாத மூட்டையைத் தேடிக் கிடங்கு முழுக்க அலைந்தேன். அன்று முதல், கூட்டிப் பார்க்காமல் எந்தக் கழித்தலுக்கும் கீழே கோடு போடுவதில்லை.

பணச் சீட்டையும் இப்படியே பாருங்கள். 1,346 கிலோவுக்கு 26,920 ரூபாய். வண்டி வாடகை 1,800, இறக்குகூலி 675 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகக் கழிக்காமல் பிடித்தங்களை முதலில் கூட்டுங்கள்: 2,475. பிறகு ஒரே முறை கழியுங்கள்: 24,445. சோதனை: 24,445 + 2,475 = 26,920.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் சோதனை கணக்குப் பிழையைத்தான் காட்டும். எடைப் பிழையைக் காட்டாது. ஆகவே பார எடைச் சீட்டு, காலி எடைச் சீட்டு இரண்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடை மேடைக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை இட வேண்டும். எடையிலேயே சந்தேகம் வந்தால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் சொல்லலாம்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீட்டைக் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் பாடம், உங்களுக்கும் காவல். கடைக்காரரைப் பார்த்தால் வழக்கம்போலப் பேசுங்கள். நல்லவேளை, புகார் எழுதும் முன் எனக்கு எழுதினீர்கள்.