இறங்கவும் ஏற வேண்டும்

சென்ற கோடையில் நாம் குடும்பத்தோடு மணாலியிலிருந்து லே நோக்கிக் காரில் புறப்பட்டோம். 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கவழியால் ரோதங் கணவாயின் ஏற்றம் இல்லை. அந்த மிதப்பில் கேலாங்கில் தங்காது, ஒரே நாளில் சார்ச்சு சேர்ந்து கூடாரம் அடித்தோம். உயரம் 4,200 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்தது. நீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகவில்லை. (குக்கரை மறந்தவர் இல்லத்தரசியார் அல்லர், நாமே.)

நள்ளிரவில் இளைய மகனுக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன. கீழிறங்குவதே மருந்து. ஆனால் சார்ச்சுவிலிருந்து இறங்குவதற்கும் முதலில் மேலேறி, 4,800 மீட்டருக்கு மேற்பட்ட பாரலாச்சா கணவாயைக் கடந்தாக வேண்டும்! விடியலிலேயே கிளம்பினோம், பிற்பகலில் பனி உருகிப் பெருகும் ஓடைகள் அப்போது வடிந்திருந்தன. ஜிஸ்பாவுக்கு வந்ததும் பையன் தயிர்ச்சோறு கேட்டான்.

லே அடுத்த கோடைக்கு. கேலாங்கில் இரண்டு இரவு தங்கியே செல்வோம்.